தகப்பன் சிறையில் இருக்க, பிள்ளைகளை முன்னால் அனுப்பலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் பவானிசாகர் அகதிகள் முகாமில் இருக்கிறோம். 1990-இல் எட்டு வயதில் பெற்றோருடன் தலைமன்னாரிலிருந்து படகில் வந்தவள் நான். கல்யாணமும் இங்கேதான் நடந்தது. மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மகனுக்கு 9 வயது. இருவரும் சத்தியமங்கலத்தில் பிறந்தவர்கள். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, காணியைத் துப்புரவாக்கி ஒரு வீடு போட்டுவிட்டு எங்களை அழைத்துக்கொள்வதாகச் சொல்லி என் கணவர் முல்லைத்தீவுக்குப் போனார். போன சில மாதங்களில் பழைய விஷயம் ஒன்றைச் சொல்லிப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்துவிட்டார்கள். இப்போது அநுராதபுரம் சிறையில் இருக்கிறார். பேரப்பிள்ளைகளைப் பார்க்காமல் கண்ணை மூடிவிடுவேனோ என்று மாமியார் போனில் அழுகிறார். எனக்குப் புளியம்பட்டிப் பக்கம் நூல் மில்லில் வேலை. மகளிர் குழுக் கடன் முடிய இன்னும் ஒரு வருடம் ஆகும். என் நாத்தனார் குடும்பம் இந்த வருடம் ஊர் திரும்புகிறது. அவர்களோடு பிள்ளைகளை முதலில் அனுப்பிவிட்டு நான் பின்னால் போகலாமா? அப்பா உள்ளே இருப்பதால் பிள்ளைகளுக்கு ஏதும் வருமா? மகனுக்கு அப்பா துபாயில் இருப்பதாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.
— ஈரோடு மாவட்ட வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் முதலில் கேட்டதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை உங்களுக்கு முன்னால் அனுப்ப வேண்டாம். போனால் மூவரும் சேர்ந்து போங்கள். போக முடியாவிட்டால் மூவரும் இங்கேயே இருங்கள். குடும்ப வழக்குகளையும் முகாம் மக்களின் ஆவணச் சிக்கல்களையும் ஈரோட்டில் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் வழக்கறிஞன் என்ற முறையில் நான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு.

2009-க்குப் பிறகு தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் காணி, வீடு, வேலை ஆகியவைதாம் பாடாக இருந்தனவே தவிர, கைது பெரிய கவலையாக இருந்ததில்லை. ஆகவே, “இப்போது அங்கே அமைதிதானே?” என்று உங்கள் நாத்தனார் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது அவர் குடும்பத்துக்குப் பொருந்தும் விடை. உங்கள் பிள்ளைகள் பெயருக்கு முன்னால் ஒரு தகப்பன் பெயர் இருக்கிறது, அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது.

கொழும்பு அரசுகள் தங்கள் சிறைகளில் அரசியல் கைதி என்று எவருமில்லை என்றுதான் சொல்லிவந்திருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் குற்றம் சாட்டப்பட்டவர்களே என்பது அவர்கள் வாதம். பெயர் எதுவாக இருந்தாலும், 1979-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கமான அந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பிள்ளைகளுக்கு வரக்கூடிய ஆபத்தின் உருவம் தெரியும். தற்காலிகச் சட்டமாக வந்து 1982-இல் நிரந்தரமாக்கப்பட்ட அந்தச் சட்டத்தின்படி, அமைச்சரின் உத்தரவில் ஒருவரை மும்மூன்று மாதங்களாக நீட்டி 18 மாதம் வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்தது. 2022-இல் அதை 12 மாதமாகக் குறைத்தார்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கப்படும். வாக்குமூலத்தையும் பழைய தொடர்புகளையும் வைத்து நடக்கும் வழக்கில், கைதியின் வீடு எப்போதும் தகவல் கிடைக்கக்கூடிய இடமாகவே பார்க்கப்படுகிறது. யார் பணம் அனுப்புகிறார்கள், யார் வந்துபோகிறார்கள், வழக்குச் செலவை யார் பார்க்கிறார்கள் என்பவை பெரியவர்களிடம் கேட்கப்படும் கேள்விகள். பெரியவர்கள் வாயை அளந்து பேசுவார்கள் என்பதால், அதே கேள்விகள் வேலியோரம் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் சிரித்த முகத்துடன் கேட்கப்படுவதும் உண்டு. ஒன்பது வயதுப் பையன் ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்கு எதையும் சொல்வான், இல்லாததையும் சேர்த்துச் சொல்வான்.

இதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991-இலும் இந்தியா 1992-இலும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. பெற்றோரின் நிலை, செயல், கருத்து ஆகியவற்றைக் காரணமாக வைத்துப் பிள்ளையைத் தண்டிக்கவோ பாகுபடுத்தவோ கூடாது என்று அதன் இரண்டாம் உறுப்புரை சொல்கிறது. இலங்கையிலேயே 2007-ஆம் ஆண்டின் 56-ஆம் இலக்கச் சட்டம், சிறுவர் தொடர்பான எல்லா விஷயங்களிலும் பிள்ளையின் நலனே முதன்மை என்று விதித்திருக்கிறது. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நிற்பவரிடம் இந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்ல ஒரு பெரிய ஆள் அந்த வீட்டில் இருக்க வேண்டும். எழுபதைத் தாண்டிய மாமியாரால் அது முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் இருந்தால், வந்தவரின் பெயரையும் பிரிவையும் கேட்கலாம், தேதியோடு நோட்டில் குறித்து வைக்கலாம், “கிராம அலுவலர் முன்னால் பேசுவோம்” என்று சொல்லலாம், “நான் இல்லாமல் பிள்ளைகளிடம் பேச வேண்டாம்” என்று தன்மையாக ஆனால் தெளிவாகச் சொல்லலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற எண்ணையும், தேசியச் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற எண்ணையும் மகள் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நம் ஊரில் 1098 எப்படியோ, அங்கே 1929 அப்படி.

விமான நிலையத்தைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். 2025 மே மாதத்தில், தமிழ்நாட்டிலிருந்து முறைப்படி திரும்பிய முதியவர் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் உரிய ஆவணமின்றி நாட்டை விட்டுப் போனார் என்ற காரணத்தைக் காட்டி யாழ்ப்பாணம் பலாலியில் கைது செய்யப்பட்ட செய்தி உங்கள் முகாமிலும் பேசப்பட்டிருக்கும். அந்த நடைமுறை மாற்றப்படும் என்று அங்குள்ள அமைச்சரே பிறகு சொல்ல நேர்ந்தது. உங்கள் பிள்ளைகள் இந்தியாவில் பிறந்தவர்கள். அவர்கள் எந்த நாட்டிலிருந்தும் களவாக வெளியேறவில்லை. ஆகவே அந்தக் குற்றச்சாட்டு அவர்களைத் தொடாது. ஆனால் கூடவருபவரை உள்ளே உட்காரவைத்து நாலு மணி நேரம் விசாரித்தால், பிள்ளைகள் யார் பொறுப்பில் வெளியே நிற்பார்கள்? அது நாத்தனாராக இருந்தால் அவருடைய பிள்ளைகளுக்குப் பின்புதான் உங்கள் பிள்ளைகள். நீங்களே போகும்போதுகூட, வெளியே காத்திருக்க நம்பகமான உறவினர் ஒருவரும், தொலைபேசியில் கிடைக்கக்கூடிய வழக்கறிஞர் ஒருவரும் முன்பே ஏற்பாடாகியிருக்க வேண்டும். ஐ.நா. அகதிகள் உயர் ஆணையரகத்தின் வழியாகப் போக விண்ணப்பம் கொடுப்பதாக இருந்தால், கணவர் சிறையில் இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் விரைவாக அனுப்புவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த விரைவு உங்களுக்குத் தேவையில்லை. போன பிறகு உங்களைத் தேடி விசாரிக்க ஒருவர் இருப்பதுதான் தேவை.

அதைவிடப் பெரிய விஷயம், போனவர் திரும்பி வர முடியாது என்பது. பதிவு பெற்றுத் தங்கியிருக்கும் இலங்கைத் தமிழர்களில் 2015 ஜனவரி 9 வரை வந்தவர்களைக் கடவுச்சீட்டு, விசா தொடர்பான தண்டனைகளிலிருந்து விலக்கி 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஆணை பிறப்பித்தது. அது இங்கே இருப்பவர்களுக்கான விலக்கு. எக்சிட் பெர்மிட் வாங்கி வெளியேறியவரின் முகாம் பதிவு அத்தோடு முடிந்துவிடும். மறுபடி வர வேண்டுமானால் இலங்கைக் கடவுச்சீட்டோடும் விசாவோடும்தான் வர வேண்டும். அங்கே பாட்டிக்கு உடல்நிலை மோசமாகி, நாத்தனாரும் தன் பாட்டைப் பார்க்க ஒதுங்கிவிட்டால், அந்தப் பிள்ளைகளுக்குத் தகப்பன் சிறையில், தாய் கடலுக்கு இந்தப் பக்கம். பெற்றோர் உயிரோடு இருந்தும் சிறுவர் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் வடக்கில் இருக்கிறார்கள். இல்லம் கெட்ட இடம் என்று நான் சொல்லவில்லை. தாயிருக்கும் பிள்ளை போய்ச்சேர வேண்டிய இடம் அதுவன்று என்று மட்டும் சொல்கிறேன்.

மகளின் கைபேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் நவம்பர் கடைசி வாரம், விடுதலைப் புலிகளின் மாவீரர் நாள் வந்தால், சுவரொட்டியும் பிளெக்ஸும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கொளத்தூர்ப் பக்கம் எண்பதுகளில் பயிற்சி முகாம் இருந்த கதையைத் திண்ணையில் பெருமையாகச் சொல்லும் பெரியவர்கள் கொங்கு நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கு இந்தியாவிலும் 1992 முதல் தடை இருக்கிறது என்றாலும், படத்தை ஸ்டேட்டஸில் வைத்ததற்காக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை இங்கே பெரும்பாலும் யாரும் தேடி வருவதில்லை. இலங்கையில் அப்படிப்பட்ட படத்தையும் வாசகத்தையும் சமூக ஊடகத்தில் பகிர்ந்ததற்காக இதே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இளைஞர்கள் கைதாகியிருக்கிறார்கள். தகப்பன் ஏற்கெனவே உள்ளே இருக்கும் வீட்டில் அது விளையாட்டாகப் பார்க்கப்படாது. அவளைத் திட்டாமல், இரண்டு ஊருக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லி, கைபேசியில் அப்படி ஏதும் இருந்தால் அவள் கையாலேயே நீக்க வையுங்கள். அதே மூச்சில், கைதியின் மகள் என்று சொல்லி மேடையில் ஏற்றவும், கையில் படத்தைக் கொடுத்துச் சாலையோரம் நிறுத்தவும் இரு கரையிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர்களில் நல்லெண்ணம் உள்ளவர்களே அதிகம். ஆனாலும் அவள் முகம் நாளிதழில் வந்த பிறகு அதைத் திரும்ப வாங்க முடியாது. பதினெட்டு வயதான பின் அவளே முடிவெடுக்கட்டும்.

பள்ளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு இல்லை. தரம் 11-இல்தான் சாதாரணதரப் பரீட்சை, பிறகு உயர்தரம். அரசுப் பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பெறுபேற்றை வைத்தே நடக்கிறது. நம் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டுபோய் அந்த வரிசையில் நிற்க முடியாது. மகள் அங்கேதான் படிக்கப்போகிறாள் என்றால், இங்கே பத்தாம் வகுப்பு முடித்த கையோடு போவது பொருந்திவரும். பிளஸ் டூ வரை இழுத்தால் இரண்டும் கெட்டானாகும். மகனுக்குச் சிங்களம் இரண்டாம் மொழியாக வரும்; ஒன்பது வயதில் அது பெரிய சுமையில்லை. மிதிவெடி அபாயப் பலகையை அடையாளம் காண இருவருக்கும் சொல்லிக்கொடுங்கள். முல்லைத்தீவில் அகற்றும் பணி இன்னும் முடியவில்லை, கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் ஓடி விளையாடிய பையனுக்குக் காடு என்றால் பயம் இருக்காது.

இப்போது துபாய்க்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு முகாமிலிருந்து திரும்பிய குடும்பத்தில், உங்கள் மகன் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் அப்பாவும் உள்ளே இருந்தார். அவனிடமும் வெளிநாடு என்றே சொல்லியிருந்தார்கள். பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்தில் ஆசிரியை படிவம் நிரப்பத் தகப்பன் தொழில் என்ன என்று கேட்டபோது இவன் வெளிநாடு என்றிருக்கிறான். பக்கத்தில் இருந்த பையன், “இவன்ர அப்பா மறியல்ல எல்லோ இருக்கிறார்” என்று சொல்லிவிட்டான். அங்கே மறியல் என்றால் சிறை. நம் ஊரில் வளர்ந்த இவனுக்கோ மறியல் என்றால் பஸ்ஸை நிறுத்திவிட்டு ரோட்டில் உட்காருவது. வீட்டுக்கு ஓடிவந்து, “அம்மா, அப்பா எந்த ரோட்டுல மறியல் பண்றாருங்க? நாமளும் போய்ப் பாக்கலாமுங்களா?” என்று கேட்டானாம். அந்தத் தாய் இதைத் தொலைபேசியில் என்னிடம் சொல்லும்போது முதலில் சிரித்தார், பிறகு பேச முடியவில்லை. ஒரு வருடம் வரை அந்தப் பையன் அம்மா சொல்லும் எதையும், நாளைக்குப் பள்ளி விடுமுறை என்பதைக்கூட, இன்னொருவரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே நம்பினான். பேச்சில் ‘ங்க’ போட்டதற்காக ‘இந்தியாக்காரன்’ என்று வகுப்பில் பட்டப்பெயர் வைத்தது அவனை அவ்வளவாக வருத்தவில்லை. அது இரண்டு மாதத்தில் தேய்ந்துவிட்டது.

ஆகவே, போவதாக இருந்தாலும் இருப்பதாக இருந்தாலும், மகனிடம் உண்மையை நீங்கள்தான், உங்கள் வாயால், இந்த ஊரிலேயே சொல்ல வேண்டும். நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா இலங்கையில் சிறையில் இருக்கிறார், சண்டைக் காலத்து விஷயம் ஒன்றுக்காக வைத்திருக்கிறார்கள், அவர் உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை, நான் பொய் சொன்னது உன்னை அழவைக்கக் கூடாது என்பதற்காக. இவ்வளவு போதும். குற்றவாளியா இல்லையா என்று அவன் கேட்டால், உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தெரியாததை வீரக்கதையாக்க வேண்டாம், வீரக்கதையைத்தான் பையன்கள் பள்ளியில் போய் முதலில் சொல்வார்கள். மகளுக்கு ஏற்கெனவே தெரியும் என்றே நினைக்கிறேன். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு முகாமின் ஒட்டுச்சுவர் வழியாகக் கேட்காத செய்தி ஏது? அவளுக்குத் தெரியும் என்பதை நீங்களும் தெரிந்துகொண்டால், தம்பிக்காக அவளும் நடித்துக்கொண்டிருக்கும் சுமை இறங்கும்.

தகப்பனைப் பார்க்கப் போகும் நாளையும் இப்போதே யோசித்து வையுங்கள். 2018 மார்ச்சில் கிளிநொச்சியில், மனைவியின் இறுதிச் சடங்குக்காகச் சில மணி நேரம் மட்டும் அழைத்துவரப்பட்ட ஆயுள் கைதி ஒருவர் திரும்பச் சிறை வாகனத்தில் ஏறியபோது, அவருடைய சின்ன மகளும் பின்னாலேயே ஏறிவிட்டாள். அந்தப் படத்தை இரு கரையிலும் பார்த்தோம். அப்பா வீட்டுக்கு வரமாட்டார் என்பதை அந்த வயதுக்குப் புரியும்படி யாரால் சொல்லியிருக்க முடியும்! ஆனால் சிறைப் பார்வையில் உங்களால் சொல்ல முடியும். வாசலில் பையைச் சோதிப்பார்கள், உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள், நடுவில் தடுப்பு இருக்கலாம், அப்பாவைத் தொட முடியாமல் போகலாம், நேரம் முடிந்ததும் நாம் திரும்புவோம், அப்பா அங்கேயே இருப்பார் என்று முதல் நாளே சொல்லிக் கூட்டிப்போங்கள். மகளைச் சோதிப்பது பெண் காவலராகவே இருக்க வேண்டும் என்று கேட்பதில் தயங்க வேண்டாம். முதல் தடவை நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு, இரண்டாம் தடவை பிள்ளைகளை அழைத்துப் போவது இன்னும் நல்லது.

மாமியாரின் அழுகை எனக்குப் புரியாமல் இல்லை. கடன் முடியும் ஒரு வருடம் வரை வாரத்தில் ஒரு நாள் வீடியோவில் பேரப்பிள்ளைகளைக் காட்டுங்கள். மகள் பத்தாம் வகுப்பை முடிக்கும் காலமும் அதையொட்டியே வரும். போவதா இருப்பதா என்று அவளையும் உட்காரவைத்துக் கேளுங்கள், கணவரின் எண்ணத்தையும் கடிதத்தில் கேட்டு வாங்குங்கள். இருந்துவிடுவது என்று முடிவானாலும் அதில் தவறில்லை. இது தன்விருப்பத்தில் திரும்பும் ஏற்பாடு, யாரும் உங்களைத் தள்ளிவிட முடியாது.

இந்த ஒரு வருடத்தில் செய்ய வேண்டிய வேலை காகித வேலை. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறந்த உங்கள் பிள்ளைகள் பிறப்பால் இந்தியக் குடிமக்கள் ஆவதில்லை. இலங்கைக் குடியுரிமையோ, வெளிநாட்டில் பிறந்தவர்களைப் பொறுத்தவரை, பதிவு செய்தால்தான் கிடைக்கும். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் பதிந்திருக்க வேண்டியது. தாமதமானால் அனுமதி பெற்றுப் பதியலாம். தகப்பன் வழியாக மட்டுமே குடியுரிமை என்றிருந்ததை 2003-இல் திருத்தித் தாய் வழியாகவும் ஆக்கிவிட்டார்கள் என்பதால், உங்கள் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் உங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய சொத்து. சிறையில் இருப்பவர் பெயர் இருந்தால் சிக்கல் என்று சொல்லித் தகப்பன் பெயரை மாற்றிப்போட்டுத் தருவதாக எந்தத் தரகராவது வந்தால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உண்மைப் பெயரால் நாலு கேள்வி வரும். பொய்ப் பெயரால் வழக்கே வரும், அதோடு நாளைக்கு அந்தப் பிள்ளை தன் அப்பாவைச் சிறையில் பார்க்க, தான் யார் என்று நிரூபிக்கவும் முடியாது. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தார் இந்தப் பதிவு வேலைகளில் நெடுங்காலப் பழக்கம் உள்ளவர்கள். உங்கள் முகாமுக்கு வருபவர்களைக் கேளுங்கள்.

நீங்கள் அனுப்பியிருந்த இரண்டு நகல்களையும் பார்த்தேன். மகனின் சான்றிதழில் தகப்பன் பெயரில் ஒரு ‘க்’ விட்டுப்போயிருக்கிறது. கணவரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் அது இருக்கிறது. திருத்திவிட வேண்டும். மகளின் சான்றிதழில் பிள்ளையின் பெயர்க் கட்டமே காலியாக இருக்கிறது. பிறந்த உடனே மருத்துவமனையில் பதியும்போது பெயர் வைத்திருக்கமாட்டீர்கள், பிறகு யாரும் சேர்க்கவில்லை. பெயரைச் சேர்க்கப் பதிவு நாளிலிருந்து 15 ஆண்டுகள்தான் சட்டம் தரும் காலம். அவளுக்கு 14 முடிந்துவிட்டது. வரும் திங்கட்கிழமை மில்லில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அவளுடைய பள்ளிச் சான்றையும் முகாம் பதிவு நகலையும் எடுத்துக்கொண்டு, சத்தியமங்கலத்தில் பிறப்பைப் பதிந்த அலுவலகத்துக்குப் போய்விட்டு வாருங்கள்.